ஆப்பிள் ஏன் மாவாகிறது? காந்தல்லூருக்கு வருகிறவர் கேட்ட கேள்விக்குப் பதில்

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஓணம் லீவுக்குக் குடும்பத்தோடு மூணாறு பக்கத்து மலையூரான எங்கள் காந்தல்லூருக்கு வருகிறார்களாம். அங்கே மரத்திலிருக்கும் ஆப்பிள் பச்சையாக இருக்கிறதே, அது பழமா காயா, வாங்கலாமா வேண்டாமா என்பது முதல் கேள்வி. கடையில் வாங்கும் சிவப்பு ஆப்பிள் பார்க்க அத்தனை அழகாக இருந்தும் கடித்தால் மாவு மாதிரி இருக்கிறதே ஏன், மெழுகு பூசுகிறார்கள் என்கிறார்களே சாப்பிடலாமா, வாங்கி வந்தால் எத்தனை நாள் வைக்கலாம் என்பவை மற்றவை. நாலு கேள்வியாகத் தெரிந்தாலும் அவர் உண்மையில் கேட்பது ஒன்றைத்தான்: கையிலிருக்கும் பழம் புதுசா பழசா என்று வெட்டிப் பார்க்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? அந்த நாலுக்கும் பதில் இதையொட்டியே வந்துவிடும்.

மறையூரில் அப்பா காலத்திலிருந்து எங்களுக்குப் பழக்கடை. ஆடி, ஆவணியில் மேலே காந்தல்லூர், கீழாந்தூர், பெருமலை, புத்தூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பழம் வரும். மற்ற மாதங்களில் உடுமலை, கோயம்புத்தூர் மண்டி வழியாக இமாச்சல், காஷ்மீர்ப் பழமும் வெளிநாட்டுப் பழமும் வரும். தினமும் பெட்டி பிரித்துத் தரம் பார்த்து அடுக்குகிறவன் என்ற முறையில்தான் எழுதுகிறேன். கண்ணாலும் கையாலும் பார்த்துச் சொல்லக்கூடியது எது, சோதனைக்கூடத்துக்குப் போனால்தான் தெரியும் என்பது எது என்று அங்கங்கே பிரித்தே சொல்கிறேன்.

முதலில் அந்த மாவு விஷயம். ஆப்பிள் மாவாகிவிட்டால் சாறு வற்றிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை, எடை போட்டுப் பார்த்தால் பெரிதாகக் குறைந்திருக்காது. பழத்தின் சதை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகள். சுவரில் செங்கல்லைச் சாந்து பிடித்திருக்கிற மாதிரி அவற்றை ஒன்றோடு ஒன்று பிடித்து வைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். புதுப் பழத்தில் அந்தப் பிடி இறுக்கமாக இருக்கும், பல் பட்டதும் அறைகளே உடையும், சாறு தெறிக்கும், நறுக்கென்று சத்தம் வரும். நாளாக ஆக பெக்டின் இளகிவிடும். அப்போது கடித்தால் அறைகள் உடையாமல் ஒன்றைவிட்டு ஒன்று கழன்று வருகின்றன, சாறு உள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது, நாக்கில் வெறும் துகள்தான் தட்டுப்படுகிறது. மாவு ஆப்பிள் என்பது இதுதான். கெட்டுப்போன பழம் அல்ல, விஷமும் அல்ல, வயதான பழம்.

இந்த வயது பறித்த தேதியிலிருந்து மட்டும் ஓடுவதில்லை. பறித்த பிறகும் ஆப்பிள் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது, எத்திலீன் என்ற வாயுவையும் தானே வெளியே விடுகிறது, அந்த வாயுதான் அதை மேலும் பழுக்க வைக்கிறது. வெக்கையில் இதெல்லாம் வேகமாக நடக்கும், குளிரில் மெதுவாக நடக்கும். ஐப்பசியில் காஷ்மீரில் பறித்து உடனே கிடங்குக்குள் போன பழம் அடுத்த சித்திரையில் நன்றாகவே இருக்கலாம். அதே பழம் கிடங்கைவிட்டு வந்து பொள்ளாச்சி வெயிலில் கடை வாசலில் பத்து நாள் உட்கார்ந்திருந்தால் மாவுதான். அதனால் “கோல்டு ஸ்டோரேஜ் பழம்” என்று கேட்டதுமே முகம் சுளிக்க வேண்டியதில்லை. கிடங்கில் எத்தனை மாதம் இருந்தது என்பதைவிட, வெளியே வந்த பிறகு எத்தனை நாள் சூட்டில் கிடந்தது என்பதுதான் நம் ஊர்க் கடைகளில் அதிகம் வேலை காட்டுகிறது. பெரிய கிடங்குகளில் பூஜ்ஜியம், ஒன்று டிகிரி குளிரோடு, உள்ளே இருக்கும் காற்றில் ஆக்சிஜனையும் இரண்டு மூன்று சதவீதத்துக்குக் குறைத்துவிடுகிறார்கள், பழம் மூச்சை அடக்கித் தூங்குகிறது. கதவைத் திறந்துவிட்டால் தூக்கம் கலைந்துவிடும், அவ்வளவுதான்.

மாவாவதில் ரகத்துக்கும் பெரிய பங்கு உண்டு. நம் ஊரில் சிம்லா ஆப்பிள், வாஷிங்டன் ஆப்பிள் என்று விற்பதில் பெரும்பகுதி டெலீஷியஸ் வகை: கருஞ்சிவப்பு, நீள முகம், அடியில் ஐந்து முடிச்சு. பார்வைக்கு இதை அடிக்க ஆளில்லை, ஆனால் சீக்கிரம் மாவாகிற ரகமும் இதுதான். நீங்கள் வாங்கியது கட்டாயம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். (சிம்லாப் பக்கம் கோட்கட்டில் 1916 வாக்கில் இந்த ரகத்தை நட்டவர் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர், பிலடெல்பியாக்காரர், பிற்பாடு நம் சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போனவர். சிம்லாவும் வாஷிங்டனும் சொந்தக்காரர்கள்தான்.) காலா (Gala) என்ற ரகம் நடுத்தரம். ஃப்யூஜி, பிங்க் லேடி, பச்சையாக வரும் கிரானி ஸ்மித் இவை மூன்றும் மொறுமொறுப்பை நெடுநாள் விடாமல் வைத்திருக்கும். எந்தக் கடை, எந்த மாதம் என்று தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டிய நிலைமை என்றால் ஃப்யூஜி வாங்குங்கள், ஏமாற்றம் குறைவு.

கண்ணைத் திறந்து வாங்க முடியும் என்றால் முதலில் பார்க்க வேண்டியது காலண்டரை. இமாச்சலில் ஜூலையில் ஆரம்பிக்கும் பறிப்பு, டெலீஷியஸ் ஆகஸ்ட், செப்டம்பரில், உயரமான இடங்களில் அக்டோபர் வரை. காஷ்மீர் ஆகஸ்டில் தொடங்கி அக்டோபரில் உச்சத்துக்குப் போய் நவம்பரில் முடியும். அதனால் ஆவணியிலிருந்து கார்த்திகை வரை நீங்கள் வாங்குகிற நம் நாட்டுப் பழம் அந்த வருஷத்துப் பழம், விலையும் அப்போதுதான் இறங்கும். மாசி, பங்குனி, சித்திரையில் காஷ்மீர்ப் பழம் என்றால் போன வருஷத்து அறுவடை, கிடங்கிலிருந்து வந்தது. அந்த நேரத்தில் பூமியின் தென்பாதியில் பிப்ரவரியிலிருந்து மே வரை பறிப்பு, நியூசிலாந்து, சிலி, தென்னாப்பிரிக்காப் பழம் கப்பலேறி வரும், கோடையில் புதுப் பழம் வேண்டுமென்றால் அதுதான். அமெரிக்கா, இத்தாலி, துருக்கி, ஈரான் எல்லாம் நம் காஷ்மீர் மாதிரியே ஆகஸ்ட் தொட்டு அக்டோபர் வரை பறிக்கிற நாடுகள், ஆகவே மே மாதம் ஒரு வாஷிங்டன் ஆப்பிளைக் காட்டி “நேற்று வந்த புதுப் பழம்” என்றால், நேற்று கடைக்கு வந்தது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் “இது எந்த ஊர்ப் பழம், பெட்டி எப்போது பிரித்தீர்கள்” என்று இரண்டே கேள்வி கேளுங்கள். தொழில் தெரிந்தவர் பட்டென்று சொல்வார்.

அடுத்து கை. சிவப்பை மறந்துவிடுங்கள். சிவப்பு என்பது வெயிலும் இரவுக் குளிரும் ரகமும் சேர்ந்து போடுகிற நிறம், பழுத்ததற்கு அத்தாட்சி இல்லை. நிறம் சீக்கிரம் ஏறவேண்டும் என்று எத்திஃபான் என்ற பழுக்கவைக்கும் மருந்தைத் தெளிக்கிற தோட்டங்களும் உண்டு, அப்படிச் சிவந்த பழம் சீக்கிரமே தளர்ந்தும் விடும். பார்க்க வேண்டியது சிவப்புக்கு அடியில் இருக்கும் நிறத்தை. பழத்தைத் திருப்பிக் காம்புக் குழிக்குள்ளே பாருங்கள், இலை நிழல் விழுந்து சிவப்பு ஏறாத பக்கத்தையும் பாருங்கள். அங்கே அடர்ந்த இலைப்பச்சை இருந்தால் காய்ப்பருவம், உள்ளே மாவுச்சத்து இன்னும் சர்க்கரையாகவில்லை. பச்சை வெளிறி இளமஞ்சள் தட்டியிருந்தால் பதம். நல்ல மஞ்சளாகி, தொட்டால் எண்ணெய்க் கையால் தொட்ட மாதிரி பிசுக்கு இருந்தால் தாண்டிவிட்டது. இது கிரானி ஸ்மித்துக்குப் பொருந்தாது, அது பழுத்தும் பச்சைதான்.

அப்புறம் ஒரே அளவில் இரண்டு பழத்தை இரண்டு கையில் எடுத்துப் பாருங்கள், கனமானதை வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலால் குத்திப் பார்க்காதீர்கள், நீங்கள் குத்திய இடம் நாளைக்குப் பழுப்பாகி அடுத்தவர் வீட்டுக்குப் போகும். உள்ளங்கையில் வைத்து நாலு விரலாலும் சேர்த்து மெல்லப் பிடித்தாலே கெட்டியா தளர்வா என்று தெரிந்துவிடும். காம்புக்குழியைச் சுற்றித் தோலில் மெல்லிய சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள், நீர் இழந்த பழம் முதலில் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். காம்பைச் சுற்றிச் சொரசொரப்பாகப் பழுப்புத் தட்டியிருப்பது வேறு, அது தோல் தடித்ததுதான், பழத்துக்கு ஒன்றும் இல்லை, அதற்காக ஒதுக்க வேண்டாம். மேல்தோலில் அமுங்கிய சின்னச் சின்ன பழுப்புப் புள்ளிகள் நிறைய இருந்தால் மட்டும் யோசியுங்கள், பழத்தில் சுண்ணாம்புச்சத்து குறைந்தால் வருகிற கோளாறு அது, புள்ளிக்குக் கீழே சதை தக்கை மாதிரி ஆகி லேசாகக் கசக்கும். ரொம்பப் பெரிய பழத்தில்தான் இது அதிகம். பொதுவாகவே பெரிய பழம் சீக்கிரம் தளரும். வெளிநாட்டுப் பெட்டியின் மேல் 80, 100, 113, 125 என்று ஒரு எண் இருக்குமே, அது பெட்டிக்குள் இருக்கும் பழங்களின் எண்ணிக்கை, எண் கூடக்கூடப் பழம் சின்னது. நான் வீட்டுக்கு எடுத்துப்போவது 113-லிருந்தோ 125-லிருந்தோதான்.

சிலர் விரலால் தட்டிச் சத்தம் கேட்கிறார்கள். தர்ப்பூசணிக்கு வேண்டுமானால் சரி, ஆப்பிளில் அதை நம்ப முடியாது. தண்ணீரில் போட்டு மிதந்தால் பழசு என்று வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது, அது சுத்தத் தப்பு. ஆப்பிளின் பருமனில் கிட்டத்தட்ட கால்வாசி காற்று, நேற்றுப் பறித்ததும் மிதக்கும். வாசனை பாதி நம்பலாம்: வெளியில் வைத்த பழம் கமகமவென்று மணந்தால் இன்றைக்கோ நாளைக்கோ சாப்பிட ஏற்றது, வைத்திருக்க ஏற்றதல்ல. கிடங்கிலிருந்து குளிரோடு வந்த பழத்தில் நல்லதாக இருந்தாலும் வாசனை இருக்காது.

இப்போது காந்தல்லூர். மூணாறில் விடாமல் மழை கொட்டும் மாதங்களிலும் மறையூர், காந்தல்லூர் மழை அவ்வளவாக எட்டாத மழை மறைவுப் பகுதி. காந்தல்லூர் ஏறக்குறைய 5,000 அடி உயரம். பூண்டு, உருளை, காரட்டோடு பிளம்ஸ், பீச், பேரிக்காய் எல்லாம் விளைகிற ஊர், அதோடு ஆப்பிளும் காய்க்கிறது. ஆனால் ஆப்பிள் மரம் குளிர்காலத்தில் நன்றாகத் தூங்கி எழ வேண்டும், இமாச்சலில் வளர்க்கும் பழைய ரகங்கள் பலவற்றுக்கு 7 டிகிரிக்குக் கீழே எண்ணூறு, ஆயிரம் மணி நேரம் தேவை. இங்கே அவ்வளவு குளிர் கிடையாது. அரைகுறைத் தூக்கத்தில் எழுந்த மரம் ஒரே சமயத்தில் பூக்காது, ஒரு கிளை முந்தும், இன்னொரு கிளை பிந்தும். அதனால்தான் ஒரே மரத்தில் ஒரு பக்கம் பழமும் இன்னொரு பக்கம் பிஞ்சும் பார்ப்பீர்கள். ஆடி, ஆவணி மேகமூட்டத்தில் வெயிலும் குறைவு, ராத்திரிக் குளிரும் வடக்கு அளவுக்கு இல்லை, அதனால் சிவப்பு முழுதாக ஏறுவதில்லை. ஒரு கன்னத்தில் மட்டும் லேசாகச் செம்மை தட்டியிருக்கும், சிலதில் அதுவும் இருக்காது. ஆக, உங்கள் கேள்விக்குப் பதில்: பச்சையாக இருப்பதாலேயே அது காய் இல்லை, ஆனால் பச்சையாக இருக்கும் எல்லாமும் பழமும் இல்லை.

மரத்தடியில் எப்படிப் பிரிப்பது? தோட்டக்காரர் அனுமதித்தால் பழத்தை உள்ளங்கையில் ஏந்தி மேல்நோக்கித் தூக்கி லேசாக ஒரு திருகு திருகுங்கள். பதமானது காம்போடு அப்படியே கையில் வந்துவிடும். இழுத்தால்தான் வருகிறது, கிளை சேர்ந்து ஆடுகிறது என்றால் விட்டுவிடுங்கள், அது இன்னும் ஒரு வாரமாவது மரத்தில் இருக்க வேண்டியது. வந்த பழங்களில் ஒன்றைக் குறுக்கே வெட்டுங்கள். விதை முழுக்கப் பழுப்பாக இருக்க வேண்டும், வெள்ளையாக இருந்தால் பிஞ்சு. ஒரு விள்ளல் வாயில் போட்டு மெல்லுங்கள், நாக்கில் மாவுப் பசை ஒட்டி, துவர்ப்பு நின்றால் இன்னும் ஆகவில்லை. புளிப்பும் இனிப்புமாகச் சாறு வந்தால் அந்தக் கிளையில் பறிக்கலாம். பிஞ்சில் பறித்ததை வீட்டில் வைத்து எவ்வளவு பழுக்கவைத்தாலும் ருசி வராது, சுருங்கித்தான் போகும். முற்றிய பிறகு பறித்ததில் மிச்சமிருக்கும் மாவுச்சத்து நாலைந்து நாளில் சர்க்கரையாகிவிடும், அது பரவாயில்லை. கீழே விழுந்து கிடப்பதைப் பொறுக்கி விலை குறைத்துக் கொடுத்தால் அன்றைக்கே சமைக்க மட்டும் வாங்குங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சீசன் நேரத்தில் ரோட்டோரத்தில் எல்லாமே காந்தல்லூர் ஆப்பிள் என்றுதான் சொல்லி விற்பார்கள். ஒரே அளவில், முழுச் சிவப்பாக, மினுமினுவென்று அடுக்கியிருந்தால் அது இந்த மண்ணில் விளைந்ததில்லை. இங்கத்துப் பழம் ஒன்று எலுமிச்சைக்குக் கொஞ்சம் பெரிது, இன்னொன்று நடுத்தரம், ஒன்றில் கீறல், ஒன்றில் மங்கு என்று கலந்துதான் இருக்கும். காம்பு இன்னும் பச்சையாக, வளைத்தால் வளையும். வடநாட்டுப் பழத்தில் காம்பு காய்ந்து குச்சியாகியிருக்கும். ருசியிலும் எங்கள் பழத்தைக் காஷ்மீரோடு ஒப்பிட்டு எதிர்பார்க்காதீர்கள். அந்தத் தித்திப்பு இதில் இருக்காது. இதன் சிறப்பு புளிப்பும், பறித்து ஒரு மணி நேரத்தில் சாப்பிடுகிற அந்த நறுக்கும்தான். டெலீஷியஸ் மட்டுமே தின்று வளர்ந்த பிள்ளைகள் முதல் கடியில் முகத்தைச் சுளித்துவிட்டு, இரண்டாவதைத் தாங்களாகவே எடுப்பதைக் கடையில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மெழுகுக்கு வருவோம். ஆப்பிளுக்குத் தன் தோலிலேயே மெழுகு உண்டு, மரத்தில் இருக்கும் பழத்தின்மேல் திருநீறு பூசினாற்போல் சாம்பல் படலம் தெரியும், அதுதான். வேட்டி முனையால் துடைத்தால் பளபளவென்று ஆகிவிடும். பெரிய பேக்கிங் கூடங்களில் பழத்தைக் கழுவும்போது இந்தப் படலம் போய்விடுகிறது, போனால் பழம் சீக்கிரம் வாடும், அதனால் கார்னோபா என்ற பனை இலை மெழுகையோ, அரக்கையோ மெல்லிசாகப் பூசுகிறார்கள். உணவுக்கு அனுமதிக்கப்பட்ட பொருள்கள்தான், நம் நாட்டிலும் அனுமதி உண்டு, உடம்பில் செரிக்காமல் வெளியேறிவிடும். இதுவரை சொன்னது உறுதியானது. கத்தியால் சுரண்டி வெள்ளைத் தூள் வந்தால் விஷ மெழுகு என்று காட்டும் வீடியோக்களால் ஒன்றும் நிரூபணமாவதில்லை, இயற்கை மெழுகைச் சுரண்டினாலும் அப்படித்தான் வரும். கண்ட மெழுகைத் தடவியிருக்கிறார்களா என்பதைச் சுரண்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது, அது சோதனைக்கூட வேலை. பூச்சிமருந்து எச்சமும் அப்படியே. நம்மால் முடிந்தது கழுவுவது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2017-ல் ஆப்பிளில் இரண்டு மருந்துகளைப் போட்டுச் சோதித்ததில் ஆப்பசோடா கரைத்த தண்ணீர் வெறும் தண்ணீரைவிட நன்றாகத் தோலின்மேல் இருந்ததை நீக்கியது, ஆனால் 12-லிருந்து 15 நிமிடம் ஊற வேண்டியிருந்தது, தோலுக்குள் இறங்கிவிட்டதை அதாலும் எடுக்க முடியவில்லை. ஒரு லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் போட்டு அத்தனை நேரம் ஊறவைத்துக் கையால் தேய்த்துக் கழுவிவிட்டால் போதும். இதற்குமேலும் மனசு ஒப்பவில்லை என்றால் தோலைச் சீவிவிடுங்கள், நார்ச்சத்தில் கொஞ்சம் போகும், தலை போகிற நஷ்டமில்லை.

ஸ்டிக்கர் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் ஒரு வரி. நாலு இலக்க எண் இருந்தால் அது ரகத்தையும் அளவையும் சொல்லும் பில் போடும் எண், 9-ல் தொடங்கி ஐந்து இலக்கம் என்றால் இயற்கை முறையில் விளைந்தது என்று அர்த்தம். புதுசா பழசா என்பதை எந்த ஸ்டிக்கரும் சொல்லாது.

வீட்டில் வைப்பது எளிது, ஆனால் நம்மில் பலர் தலைகீழாகச் செய்கிறோம். சாப்பாட்டு மேஜையில் பழத்தட்டு வைத்து அதில் ஆப்பிளையும் வாழைப்பழத்தையும் சேர்த்து அடுக்குவது பார்க்க நன்றாக இருக்கிறது, இரண்டுக்கும் கேடு. ஆப்பிள் விடும் எத்திலீனில் வாழைப்பழம் இரண்டே நாளில் கறுக்கும், ஆப்பிளும் வெக்கையில் தளரும். வாங்கி வந்த அன்றே ஃபிரிட்ஜில் வையுங்கள், வெளியில் ஒரு வாரத்தில் ஆகிற வயது உள்ளே ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். கழுவாமல் வைக்க வேண்டும், ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். நாலைந்து ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பையில் போட்டுக் கீழே காய்கறி டிரேயில் வையுங்கள், ஓட்டையே இல்லாமல் கட்டினால் வேர்த்துப்போகும், பையே இல்லாமல் வைத்தால் சுருங்கும். ஃபிரீஸருக்குக் கீழே பின்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், பூஜ்ஜியத்துக்கு இரண்டு டிகிரி கீழே போனாலே பழத்தின் உள்ளே ஐஸ் கட்டி, வெளியில் எடுத்ததும் நைந்துவிடும். அதே டிரேயில் கீரை, கொத்தமல்லி, வெள்ளரி வேண்டாம், எத்திலீனில் மஞ்சளாகிவிடும். காரட்டும் வேண்டாம், கசப்பேறும். வேறு இடமே இல்லை என்றால் கீரையை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். இந்த வாயுவையே நமக்கு வேலை வாங்கவும் செய்யலாம்: பழுக்காத சப்போட்டாவோடு ஒரு ஆப்பிளைப் போட்டுக் காகிதப் பையில் மடித்து வைத்தால் சீக்கிரம் பழுக்கும்.

வாரம் ஒருமுறை பையைப் பிரித்துப் பாருங்கள். அடிபட்டது, காம்பு பிய்ந்தது, புழு துளைத்தது மூன்றையும் முதலில் தின்று தீர்த்துவிட வேண்டும். அழுகல் ஒன்றைக்கூட உள்ளே விடாதீர்கள். சின்னக் காயம் என்றால் சுற்றிலும் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம். நீலப்பச்சைப் பூஞ்சை பிடித்து மெத்தென்று ஆகிவிட்டால் மொத்தமாகப் போட்டுவிடுங்கள், ஜூஸில் அடித்துவிடலாம் என்று நினைக்கவே வேண்டாம், அந்தப் பூஞ்சை விடும் நச்சு கண்ணுக்குத் தெரியாமல் சதைக்குள் பரவியிருக்கும். வெட்டும்போது நடுவில் விதைப்பையைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி நீர் கோத்துத் தெரிந்தால் பயப்படாதீர்கள், அது அழுகல் இல்லை, இனிப்பான நீர் தங்கியிருக்கிறது, நன்றாகவே இருக்கும், ஆனால் அந்த வகைப் பழம் நாள் தாங்காது, அந்தப் பையில் மற்றதையும் சீக்கிரம் சாப்பிடுங்கள்.

சாப்பிடுவதற்கு அரைமணி முன்னால் வெளியே எடுத்து வையுங்கள், ஜில்லென்று இருக்கும்போது மணம் எழும்பாது. டிபன் டப்பாவுக்கு வெட்டிக் கொடுத்தால் கறுக்கிறதே என்பவர்கள் ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு அதில் முக்கி எடுத்து வையுங்கள், மதியம் வரை வெள்ளையாக இருக்கும். நாலு வயசுக்குக் கீழே குழந்தை இருந்தால் பச்சையாகக் கெட்டித் துண்டு கொடுக்க வேண்டாம், தொண்டையில் அடைக்கும், இட்லித் தட்டில் வேகவைத்து மசித்துக் கொடுங்கள். காந்தல்லூர்ப் புளிப்புப் பழத்தை உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுச் சாப்பிடலாம். அதைவிட நல்லது ஊறுகாய்: மாங்காய் மாதிரியே பொடியாக நறுக்கி உப்பு பிசறி, நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், பெருங்காயம் தாளித்து மிளகாய்ப்பொடி போட்டு இறக்கினால், ஃபிரிட்ஜில் ஒரு வாரம் கஞ்சிக்கும் தயிர்சாதத்துக்கும் ஓடும். உங்கள் ஊர்ப் பக்கம் ஓணத்துக்கு வைக்கும் புளிசேரியில் (மோர்க்குழம்பு மாதிரி) மாம்பழத்துக்குப் பதில் இதைப் போட்டுப் பாருங்கள், கடைசி ஐந்து நிமிடம் மட்டும் வெந்தால் போதும், குழைய விடக்கூடாது.

மாவாகிவிட்ட பழத்துக்கும் வழி இருக்கிறது, குப்பைக்குப் போக வேண்டாம். தோல் சீவித் துருவி, அடிகனத்த சட்டியில் பாதி அளவு மறையூர் வெல்லம், ஒரு துண்டு பட்டை, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கிளறுங்கள். பெக்டின் ஆப்பிளில் ஏராளமாக இருப்பதால் தனியாக எதுவும் சேர்க்காமலே ஜாம் மாதிரிக் கெட்டிப்படும். கரண்டியால் சட்டியின் அடியில் ஒரு கோடு இழுத்தால் அது உடனே மூடாமல் நிற்கும் பதத்தில் இறக்குங்கள். எங்கள் வீட்டில் தோசைக்கும் சப்பாத்திக்கும் இதுதான். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இது வேண்டாம், பழமாகச் சாப்பிடுவதையும் எத்தனை என்று அவர்களுடைய டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு: எங்கள் ஊர்ப் பழம் ஆரம்ப சீசன் பழம், எந்த ஊரிலும் முந்திப் பழுக்கிற ஆப்பிள் நாள் தாங்காது. ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று வாரத்தில் தீர்க்கும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள், நாலு பேர் வீட்டுக்கு மூன்று கிலோ தாராளம். பெட்டிக் கணக்கில் வாங்க ஆசை என்றால் அக்டோபர், நவம்பரில் காஷ்மீர்ப் பழம் வரும்போது வாங்கி இரண்டு மூன்று குடும்பமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பழத்தைத் தோட்டத்தில் காலையிலேயே வாங்குங்கள், வெயில் ஏறிய பிறகு பறித்தது உள்ளேயும் சூடாக இருக்கும். திரும்பும்போது சின்னாறு தாண்டி உடுமலை இறங்குவதற்குள் மலைக்குளிர் போய் வெக்கை வந்துவிடும், டிக்கியில் போட்டால் கொழிஞ்சாம்பாறை போய்ச் சேர்வதற்குள் ஒரு வாரத்து வயது ஏறிவிடும். அட்டைப்பெட்டியில் செய்தித்தாள் விரித்து, இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல், காம்பு அடுத்த பழத்தைக் குத்தாதபடி படுக்க வைத்து, ஏசி படுகிற பின்சீட்டின் கால்பக்கத்தில் வையுங்கள். அமராவதி அணையில் இறங்கிப் பார்க்கப் போவதாக இருந்தால் வண்டியை நிழலில் விடுங்கள்.